தக்காளி, கத்தரிக்குப் பூச்சி வலை: கட்டுபடியாகுமா, எங்கே போடுவது?

ஒட்டன்சத்திரம்_தக்காளி | ஜூன் 11

எல்லோருக்கும் வணக்கம். ஒட்டன்சத்திரம் பக்கம் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர், கிணற்றுப் பாசனம். போன வருடம் ஆடிப்பட்டத்தில் அரை ஏக்கர் தக்காளி வைத்தோம். நட்ட இருபதாம் நாள் நுனி இலைகள் மேல்நோக்கிக் கிண்ணம் போல மடங்கின. ஓரம் மஞ்சளாகி, செடி குட்டையாகவே நின்றுவிட்டது. ஒரு மாதத்தில் பத்துச் செடிக்கு நாலு செடி சுருட்டை. ஆறு முறை மருந்து அடித்தோம். கடைசியில் பறித்த காய் ஆள் கூலிக்கும் வண்டி வாடகைக்கும் சரியாகப் போனது.

இந்த வருடம் வலை போட்டுப் பார்க்கலாம் என்று அப்பாவிடம் சொன்னேன். வேண்டாம் என்று சொல்லவில்லை. "கணக்குப் போட்டுக் காட்டு" என்றார்.

போட்டேன். 40 மெஷ் (ஒரு அங்குலத்துக்கு 40 கண்) பூச்சி வலை சதுர மீட்டர் 40 ரூபாய் என்று கடையில் சொன்னார்கள். வரிசைக்கு வரிசை 5 அடி. அரை ஏக்கரில் வரிசைகளின் மொத்த நீளம் ஏறக்குறைய 1,330 மீட்டர். வளைவின் மேல் போட்டு இரண்டு பக்கமும் மண்ணில் புதைக்க இரண்டரை மீட்டர் அகலம் வேண்டும். ஆக 3,325 சதுர மீட்டர், வலைக்கு மட்டும் 1,33,000 ரூபாய். கம்பி தனி. மண்டியில் என்ன விலை போகும் என்று தெரியாத பயிருக்கு இவ்வளவு போட முடியாது.

மலிவாகச் செய்தவர்கள் சொல்லுங்கள். பழைய கொசுவலை, சேலை, பச்சை நிழல்வலை இதில் எதுவாவது உதவுமா? அப்புறம் 20 சென்ட் கத்தரியும் வைக்கும் எண்ணம் இருக்கிறது.

கிருஷ்ணகிரி_நாற்றுக்காரர் | ஜூன் 11

தம்பி, கணக்கில் தப்பில்லை. ஆனால் வயலில் இருந்து ஆரம்பித்திருக்கிறீர்கள். நாற்றிலிருந்து ஆரம்பித்துப் பாருங்கள்.

சுருட்டை நச்சுயிரியைக் கொண்டுவருவது வெள்ளை ஈ. நோய்ச்செடியில் சாறு உறிஞ்சி ஒரு முறை அது உடம்பில் ஏறிவிட்டால், அந்த ஈ சாகும்வரை உட்காருகிற செடிக்கெல்லாம் கொடுத்துக்கொண்டே இருக்கும். நல்ல செடியில் கால் மணி, அரை மணி உட்கார்ந்தாலே போதும். மருந்து பட்டு ஈ சாவதற்குள் நோய் செடிக்குள் போய்விடும். ஆறு முறை அடித்தும் நிற்காததற்குக் காரணம் அதுதான்.

சின்ன வயதில் தொற்றிய செடி காய்க்காது. பூத்துக் காய் பிடித்த பிறகு தொற்றினால் நுனி சுருளும், கீழே பிடித்த காய் பெருத்து வந்துவிடும். ஆக நாலு மாதமும் செடியைப் பொத்தி வைக்க வேண்டியதில்லை. முதல் 50, 60 நாளைக் காப்பாற்றினால் போதும். அதில் 25 நாள் செடி நாற்று விடும் குழித்தட்டில்தான் இருக்கிறது.

இப்போது இந்தக் கணக்கைப் பாருங்கள். அரை ஏக்கருக்கு 4,000 நாற்று. 98 குழித் தட்டு என்றால் 41, 42 தட்டு வரும். இரண்டிரண்டு தட்டாகக் குறுக்கே சேர்த்து வைத்தால் பாத்தியின் அகலம் 1.1 மீட்டர், நீளம் ஆறு மீட்டருக்குள் அடங்கும். அதன் மேல் ஒரே ஒரு டன்னல், அதாவது வளைவுகளின் மேல் வலை போர்த்திய கூடு. 3 மீட்டர் அகல வலையில் 10 மீட்டர் வாங்கினால் இரண்டு முனையும் முடிச்சுப் போட்டுக் கட்டும் அளவுக்கு இருக்கும். 30 சதுர மீட்டர். உங்கள் கடை விலையிலேயே 1,200 ரூபாய். நல்ல வலையாக இருந்தால் மூன்று, நான்கு பட்டத்துக்கு வரும்.

நாற்றை நீங்களே விடுகிறீர்களா, வாங்குகிறீர்களா?

ஒட்டன்சத்திரம்_தக்காளி | ஜூன் 11

வாங்கித்தான் நட்டோம் ஐயா. மேலே நிழல்வலை கட்டியிருந்தார்கள், நாலு பக்கமும் திறந்தே இருந்தது. அதை நான் அப்போது யோசிக்கவே இல்லை. நாற்று பச்சைப் பசேல் என்றுதான் இருந்தது.

கிருஷ்ணகிரி_நாற்றுக்காரர் | ஜூன் 12

தொற்றிய உடனே தெரியாது. இரண்டு, மூன்று வாரம் கழித்துத்தான் சுருளும். நட்ட இருபதாம் நாளே வயலில் நிறையச் செடி சுருண்டது என்றால் அதில் ஒரு பங்கு நாற்றோடு வந்திருக்க வாய்ப்பு அதிகம்.

நாற்று வாங்கப் போகிறவர்கள் எல்லோருக்கும் சொல்கிறேன். காலையில் போங்கள். தட்டைக் கையில் எடுத்து அடியில் ஒரு தட்டுத் தட்டுங்கள். வெள்ளைத் துகள் போல எழுந்து பறந்து, மறுபடி இலைக்கு அடியில் போய் ஒட்டினால் அந்தத் தட்டு வேண்டாம். எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம். ஒரு இலையைத் திருப்பியும் பாருங்கள். மேலே பார்த்தால் எதுவும் தெரியாது, குடும்பம் எல்லாம் அடியில்தான் இருக்கும்.

சேலை பற்றிக் கேட்டீர்கள். விதை முளைக்கும்வரை மூடிவைக்கலாம். முளைத்த பிறகு சேலைக்குள் வெளிச்சம் பற்றாது, நாற்று நூலாக நீண்டுவிடும். நிழல்வலை வெயிலுக்கு உள்ளது, அதன் கண்ணில் வெள்ளை ஈ பறந்தபடியே போகும்.

மாடித்தோட்டம்_மதுரை | ஜூன் 12

நான் மொட்டைமாடியில் பன்னிரண்டு பைகளில் கத்தரி, வெண்டை, தக்காளி வைத்திருக்கிறேன். கிழிந்த கொசுவலையைப் பிவிசி குழாய்ச் சட்டத்தின் மேல் போட்டேன். கத்தரியில் புழு குறைந்தது நிஜம். ஆனால் வெண்டை இலையில் நரம்பு மஞ்சளானது நிற்கவில்லை. வலைக்குள் எப்படி வருகிறது என்று புரியாமல் இரண்டு மாதம் குழம்பினேன்.

வேளாண்_பட்டதாரி_தஞ்சை | ஜூன் 12

அக்கா, உங்கள் கேள்விக்குப் பதில் வலையின் கண்ணில் இருக்கிறது. கொசுவலையில் வழக்கமாக ஒரு சதுர அங்குலத்துக்கு 156 கண். அதாவது நீளவாக்கில் ஒரு அங்குலத்துக்குப் பன்னிரண்டரைக் கண். ஒரு கண் ஒன்றரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் முன்பின்னாக வரும். வெள்ளை ஈயின் மொத்த நீளமே ஒரு மில்லிமீட்டர், உடம்பின் அகலம் கால் மில்லிமீட்டர்தான். அதற்கு உங்கள் வலை திறந்த வாசல். வெண்டையில் மஞ்சள் நரம்புத் தேமலைக் கொண்டுவருவதும் இதே வெள்ளை ஈதான்.

கத்தரிப் புழுவின் தாய்ப்பூச்சி இறக்கை விரித்தால் இரண்டு சென்டிமீட்டர் இருக்கும். அது கொசுவலையில் நுழைய முடியாது. பழ ஈயும் முடியாது. முட்டைக்கோசு, காலிஃபிளவரைத் துளைக்கும் வைரமுதுகு அந்துப்பூச்சியும் அப்படித்தான். ஆப்பிரிக்காவில் பெனின் நாட்டில் சிறு விவசாயிகளின் முட்டைக்கோசுக்குக் கொசுவலைத் துணியையே மூடிச் சோதித்து நல்ல பலன் கண்டார்கள். அந்த ஆய்வு 2006-இல் வெளிவந்தது. ஆக எந்தப் பூச்சி என்று முதலில் முடிவு செய்துவிட்டு வலை வாங்க வேண்டும்.

இன்னொரு விஷயம். "40 மெஷ்" என்று கடையில் சொன்னால் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். மெஷ் என்பது ஒரு அங்குலத்தில் எத்தனை கண் என்ற எண்ணிக்கை. 25.4 மில்லிமீட்டரை 40-ஆல் வகுத்தால் 0.63. அதில் நூலின் தடிமனும் சேர்ந்திருக்கிறது. நூல் 0.2 என்றால் ஓட்டை 0.4 சொச்சம். 50 மெஷ்ஷில் ஓட்டை 0.3-க்குப் பக்கத்தில் வரும். வெள்ளை ஈக்கு 50 மெஷ் நம்பகமானது. 40 மெஷ் கூட்டத்தைக் குறைக்கும், முழுக்க நிறுத்தாது. வலையின் மேல் ஸ்கேலை வைத்து, போன் கேமராவைப் பெரிதாக்கி ஒரு படம் எடுங்கள். படத்தில் கண்ணை எண்ணலாம். நான் ஒரு முறை எண்ணியபோது 40 என்று விற்ற வலையில் ஒரு பக்கம் 32-தான் இருந்தது.

மிளகாயில் வரும் இலைப்பேன் வெள்ளை ஈயைவிட ஒல்லி, 0.2 மில்லிமீட்டர். அதை நிறுத்தும் வலை போட்டால் காற்றே போகாது. மிளகாய்க்கு வலையை நம்ப வேண்டாம்.

விளாத்திகுளம்_மிளகாய் | ஜூன் 13

தஞ்சைத் தம்பி சொன்னது சத்தியம். 2021-22 வாக்கில் ஆந்திரா, தெலங்கானா மிளகாயில் புதுசாக ஒரு கருப்பு இலைப்பேன் வந்து பூவைத் தின்றதே, அப்போது இங்கேயும் வலை வலை என்று பேச்சு ஓடியது. நான் போடவில்லை.

எனக்கு இந்த இழையில் ஒரு வருத்தம். எல்லாரும் வலை பற்றியே பேசுகிறோம். வயலைச் சுற்றி இரண்டு, மூன்று வரிசை மக்காச்சோளத்தை நெருக்கி விதைப்பதற்கு என்ன செலவு? நடவுக்கு மூன்று வாரம் முன்பே விதைத்துவிட்டால் செடி நடும்போது இடுப்பளவு நிற்கும். காற்றோடு வருகிற வெள்ளை ஈ, அசுவினி எல்லாம் முதலில் அதில் மோதும். சோளத்தட்டு மாட்டுக்கு ஆகிறது. கதிரும் கிடைக்கிறது. வெள்ளி நிற நிலப்போர்வை, அதாவது மண்ணை மூடும் பிளாஸ்டிக் தாள், போட முடிந்தவர்கள் போடுங்கள், அந்தப் பளபளப்புக்கு வெள்ளை ஈ இறங்கத் தயங்கும். களையும் வராது. இதெல்லாம் செய்து முடித்த பிறகு பணம் மிச்சம் இருந்தால் வலைக்குப் போங்கள்.

அணைக்கட்டு_முள்ளுக்கத்தரி | ஜூன் 14

வேலூர் மாவட்டம் அணைக்கட்டுப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். எங்களுடையது இலவம்பாடி முள்ளுக் கத்தரி, 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்ததே அந்த ரகம். நானும் என் மாமியாரும் 5 சென்டில் வலைக்குள் செய்கிறோம். ஒட்டன்சத்திரம் தம்பி கத்தரியும் வைக்கப் போவதாகச் சொன்னதால் நான் பட்டதைச் சொல்லிவிடுகிறேன்.

முதல் வருடம் பழைய கத்தரியைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, உழுது, அதே இடத்தில் மறுபடி கத்தரி நட்டோம். ஏழடி உயரத்துக்குக் கம்பு நட்டு, சுற்றிலும் மேலேயும் வலை. ஓரம் எல்லாம் மண்ணில் புதைத்து, வாசலுக்கு ஜிப் வைத்துத் தைத்தேன். மூன்றாவது வாரம் ஒரு காலையில் உள்ளே போனால் நாலைந்து குருத்து தலை தொங்கி நிற்கிறது. ஒன்றைக் கிள்ளி நகத்தால் நெடுக்கப் பிளந்தேன். உள்ளே ஈரமான கழிவு, அதற்குப் பின்னால் வெளிர் ரோஜா நிறத்தில் புழு. எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஒரு ஓட்டைகூட இல்லாத வலைக்குள் எங்கிருந்து வந்தது?

மாமியார்தான் மண்ணைக் காட்டினார். பழைய செடியின் சருகு, மக்காத தண்டு எல்லாம் அங்கேயே கிடந்தது. புழு கடைசியில் காயை விட்டு இறங்கி இந்தச் சருகிலும் மண்ணிலும்தான் கூட்டுப்புழு ஆகிறது. ஒரு வாரம், பத்து நாளில் அந்து வெளியே வரும். நான் வெளியே இருந்த பூச்சியை வெளியே நிறுத்தினேன், உள்ளே இருந்ததை உள்ளேயே வைத்துப் பூட்டிவிட்டேன். அந்த வருடம் வலைக்கு வெளியே இருந்த கத்தரியைவிட உள்ளே இருந்ததில் சொத்தை அதிகம்.

மறு வருடம் கேழ்வரகு அறுத்த நிலத்துக்கு வலையை மாற்றினோம். நட்ட அன்றே மூடினோம், ஒரு நாள்கூடத் தள்ளவில்லை. குருத்து ஏதாவது வாடினால் புழுவுக்குக் கீழே ஒரு விரல்கடை விட்டு வெட்டி எரித்துவிடுவோம். அந்தப் பட்டத்தில் மருந்தே அடிக்கவில்லை.

பூக்க ஆரம்பித்ததும் வேறு கவலை வந்தது. கத்தரிப் பூ தன் மகரந்தத்திலேயே காய்க்கும் என்று சொல்வார்கள். ஆனால் அந்த மஞ்சள் குழலின் நுனியில் சின்ன ஓட்டை வழியாகத்தான் மகரந்தம் உதிர வேண்டும். கருவண்டும் நீலப்பட்டைத் தேனீயும் வந்து பூவைப் பிடித்துக்கொண்டு ரீங் என்று அதிர்ந்தால்தான் நன்றாக உதிரும். மூடிய வலைக்குள் பூ நிறையக் கொட்டியது. அப்புறம் யோசித்தோம். தாய்ப்பூச்சி இரவில் பறந்து முட்டையிடுகிறது, வண்டு பகலில் வருகிறது. சரி என்று கிழக்கு, மேற்கு இரண்டு பக்கமும் வலையைக் காலை ஏழு மணிக்குச் சுருட்டிக் கட்டி, பொழுது சாய்வதற்கு முன் இறக்கிவிட ஆரம்பித்தோம். காய்ப்பு திரும்பியது. தினமும் ஒருவர் இதற்கென்று நிற்க வேண்டும். 5 சென்டுக்கு முடிகிறது, 20 சென்டுக்கு எங்களால் முடியாது.

தாழ்வான டன்னல் முள்ளுக்கத்தரிக்கு ஆகாது. காற்றில் வலை செடியோடு உரசி முள்ளில் மாட்டிக் கிழிகிறது. கிழிசலைக் கண்டவுடன் தைத்துவிடுவேன், ஊசி நூல் வாசல் கம்பிலேயே தொங்குகிறது.

வேளாண்_பட்டதாரி_தஞ்சை | ஜூன் 14

அக்கா, இரவில் மூடிப் பகலில் திறப்பது அந்துப்பூச்சிக்கு மிகச் சரி. தக்காளியில் இதைச் செய்ய முடியாது, வெள்ளை ஈ பகலில் திரிகிறது.

நீங்கள் சொன்ன "உள்ளே வைத்துப் பூட்டுவது" அசுவினிக்கும் சிலந்திப்பேனுக்கும் பொருந்தும். ஒரு நாற்றின் அடியில் நாலு அசுவினி ஒட்டிக்கொண்டு வந்தால் போதும். அதைத் தின்னும் பொறிவண்டு வலைக்கு வெளியே நிற்கும், உள்ளே கேட்பாரில்லை. வாரம் ஒரு முறை உள்ளே போய் இலையைத் திருப்பிப் பார்க்க வேண்டும். உள்ளே இரண்டு மஞ்சள் ஒட்டுப்பொறி தொங்கவிடுங்கள், என்ன நுழைந்திருக்கிறது என்று அது சொல்லிவிடும். மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு உள்ளே போகாதீர்கள், வெள்ளை ஈயை நீங்களே அழைத்துப் போவது போல.

திண்டிவனம்_தர்பூசணி | ஜூன் 15

வலையைவிட மலிவான ஒன்று இருக்கிறது. கிராப் கவர் என்று வெள்ளைத் துணி போல வருமே, நெய்யாத துணி, சதுர மீட்டருக்கு 17 அல்லது 20 கிராம் எடை. எனக்கு ஒரு சதுர மீட்டர் 5 ரூபாய்க்குள் முடிந்தது. மார்கழி, தை விதைப்பில் தர்பூசணி முளைத்தவுடன் சின்ன வளைவு வைத்து மூடிவிடுவேன். வண்டு, பாம்பு மாதிரி வளைந்து போகிற இலைத்துளைப்பான் கோடு, அசுவினி எதுவும் இல்லாமல் கொடி ஓடும். பெண் பூ, அதாவது பூவுக்கு அடியில் சின்னப் பிஞ்சு உருண்டையாக இருக்கிற பூ, கண்ணில் பட்டவுடன் எடுத்துவிட வேண்டும். 25, 30 நாள் கணக்கு. ஒரு வாரம் தாமதித்தாலும் தேனீ வராமல் முதல் பிஞ்சு வெம்பிவிடும். பூசணி, வெள்ளரி, பாகல், பீர்க்கு எல்லாவற்றுக்கும் இதே விதி.

ஆனால் தம்பி கேட்பது ஆடி நடவு. துணி சூட்டைப் பிடித்து வைக்கும். தை மாதத்தில் அது நல்லது, ஆடியில் நல்லதல்ல. துணியும் ஒரு பட்டம், மிஞ்சினால் இரண்டு பட்டம்.

உடுமலை_காற்று | ஜூன் 15

ஆடியில் வயலில் டன்னல் போடப் போகிறவர்கள் காற்றைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசவில்லையே. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று எங்கள் பக்கம் அடிக்கிற அடியில் நான் முதல் தடவை போட்ட வலையை இரண்டு வயல் தாண்டி ஒரு வேலமரத்திலிருந்து எடுத்தேன். ஒட்டன்சத்திரமும் காற்றுக்குக் குறைந்த ஊர் இல்லை.

இப்போது நான் செய்வது இது. டன்னலைக் காற்று வரும் திசைக்கு நேராக ஓடவிடுவேன், குறுக்கே ஒருபோதும் வேண்டாம். உயரம் இரண்டரை அடி, அதற்கு மேல் போனால் பாய்மரம்தான். மெல்லிய ஜிஐ கம்பி ஒரே காற்றில் மடங்கிவிடுகிறது, அதனால் மூங்கில் பிளாச்சு. பழைய சொட்டுநீர் லேட்டரல் குழாய் எல்லார் வீட்டிலும் சுருட்டிக் கிடக்கும். அதைப் பிளாச்சுக்கு உறையாக மாட்டிவிட்டால் மூங்கில் சிம்பு வலையைக் கிழிக்காது. ஒன்றரை மீட்டருக்கு ஒரு வளைவு, அரை அடி ஆழம் குத்த வேண்டும். வலையின் ஓரத்தை ஒரு பக்கம் மண் போட்டு நிரந்தரமாகப் புதைத்துவிடுங்கள். மறுபக்கம் சிமெண்ட் சாக்கைப் பாதியாக வெட்டி மணல் நிரப்பி வையுங்கள், திறக்க மூட அது வசதி. மேலே கயிறைக் குறுக்கும் நெடுக்குமாகப் பெருக்கல் குறி போல வளைவுக்கு வளைவு இழுத்துக் கட்டினால் வலை படபடக்காது. படபடப்பில்தான் கிழிகிறது.

ஒரு லாபம் சொல்கிறேன், மயில் வராது. நடவு நாளில் குருத்தைக் கொத்திப் போடுகிற மயிலுக்கு இங்கே எல்லாரும் வயலைச் சுற்றிச் சேலைதான் கட்டியிருக்கிறார்கள்.

யாழ்ப்பாணம்_பாகல் | ஜூன் 16

வணக்கம். எங்கட பக்கம் பாகலுக்கும் புடோலுக்கும் (புடலைக்கும்) பழ ஈதான் பெரிய தொல்லை. பந்தல் முழுக்க வலை போட்டால் தேனீ வராது. அதனால் நாங்கள் காயைத்தான் மூடுகிறோம். பூ வாடிப் பிஞ்சு சுண்டுவிரல் அளவு வந்தவுடன் பழைய பத்திரிகைக் கடதாசியைக் குழலாகச் சுற்றி மேலே ஈர்க்கால் குத்திவிடுவது, கீழ்ப்பக்கம் திறந்திருக்கும். நாள் தள்ளினால் ஈ முதலே குத்திவிடும், பிறகு கடதாசிக்குள் புழு வளரும். மழை பெய்தால் மாற்ற வேண்டும். செலவு என்று ஒன்றும் இல்லை, பின்னேரத்தில் அரை மணித்தியாலம் போகும். விழுந்த காய்களைப் பந்தலுக்குக் கீழே விடாமல் பொறுக்கி, கட்டிய பொலித்தீன் பையில் வெயிலில் போட்டுவிடுங்கோ.

ஒட்டன்சத்திரம்_தக்காளி | ஜூன் 17

எல்லோருக்கும் நன்றி. எல்லாவற்றையும் அப்பாவிடம் படித்துக் காட்டினேன். முடிவு இதுதான். நாற்றை நாங்களே விடுகிறோம், 50 மெஷ் வலை, உடுமலை அண்ணன் சொன்ன மூங்கில் பிளாச்சு. வயலைச் சுற்றி மக்காச்சோளம் இந்த வாரமே விதைக்கிறோம். நிலப்போர்வையும் போடுகிறோம். வயலில் ஒரே ஒரு வரிசைக்கு மட்டும், 45 மீட்டர், டன்னல் போட்டுப் பார்க்கிறோம். கத்தரி இந்தப் பட்டம் வேண்டாம், அணைக்கட்டு அக்கா சொன்னதைக் கேட்ட பிறகு போன வருடம் கத்தரி இருந்த நிலத்தைத் தொடப் பயமாக இருக்கிறது.

மானியம் பற்றியும் யாராவது சொல்லுங்கள்.

வேளாண்_பட்டதாரி_தஞ்சை | ஜூன் 17

நிழல்வலைக்குடில், நிலப்போர்வை போன்றவற்றுக்குத் தோட்டக்கலைத் துறையில் மானியத் திட்டங்கள் உண்டு. உழவன் செயலியில் பதிவு செய்யலாம், அல்லது வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்தில் சிட்டா, அடங்கலோடு போய்க் கேளுங்கள். வாங்குவதற்கு முன்பே கேட்பது முக்கியம், வாங்கிவிட்டு ரசீதோடு போனால் வேலைக்காகாது. 30 சதுர மீட்டர் நாற்றங்கால் வலைக்கு இதற்காகக் காத்திருக்க வேண்டாம், பட்டம் போய்விடும்.

ஒட்டன்சத்திரம்_தக்காளி | ஜூலை 9

நாற்றுக்கு இன்று பத்தொன்பதாம் நாள். ஒரு சந்தேகம். மதியம் டன்னலுக்குள் கையை விட்டால் சூடு தெரிகிறது. இரண்டு மூலையில் நாற்று கொஞ்சம் வெளுத்திருக்கிறது. திறந்து வைக்கலாமா?

கிருஷ்ணகிரி_நாற்றுக்காரர் | ஜூலை 9

திறக்காதீர்கள் தம்பி. ஒரு மதியம் திறந்தால் இத்தனை நாள் காத்தது வீண். பதினொன்றிலிருந்து மூன்று மணிவரை மட்டும் டன்னலுக்கு மேலே இரண்டடி தள்ளி ஒரு பழைய நிழல்வலையைப் பந்தல் மாதிரி பிடித்துக் கட்டுங்கள், மூன்று மணிக்கு எடுத்துவிடுங்கள். தண்ணீரை வலைக்கு வெளியில் இருந்தே பூவாளியால் ஊற்றலாம், உள்ளே இறங்கிவிடும். காலையில் ஊற்றுங்கள். மாலையில் ஊற்றி இரவெல்லாம் ஈரம் நின்றால் நாற்று அழுகும். நடுவதற்கு நாலு நாள் முன்பிருந்து தண்ணீரைக் குறையுங்கள், நாற்று முறுகட்டும்.

ஒட்டன்சத்திரம்_தக்காளி | ஆகஸ்ட் 20

நட்டு முப்பத்து நான்கு நாள் ஆகிறது. நேற்று அப்பாவும் நானும் செடி செடியாக எண்ணினோம். வலை போட்ட வரிசையில் 146 செடி, சுருட்டை 4. அதற்குப் பக்கத்தில் திறந்த வரிசையில் 145 செடி, சுருட்டை 19. வயல் முழுக்க ஏறக்குறைய அந்த விகிதம்தான், நூற்றுக்குப் பதின்மூன்று. போன வருடம் இதே வயதில் நூற்றுக்கு நாற்பது. மருந்து இதுவரை ஒரு முறை. சுருண்டதைப் பிடுங்கிச் சாக்கில் போட்டுக் கட்டி அப்புறப்படுத்திவிட்டோம்.

வலை வரிசையில் பூ வந்துவிட்டது, செடியும் மேலே முட்டுகிறது. இன்று காலை எடுத்தோம். வலையைத் தூக்கியபோது உள்ளே இருந்த இலை வாசனை முகத்தில் அடித்தது, ஓர் இலைகூட மடியாமல் அகலமாக விரிந்திருந்தது. திறந்த வரிசைச் செடியையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு அப்பா ஒன்றும் சொல்லாமல் கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தார்.

விளாத்திகுளம்_மிளகாய் | ஆகஸ்ட் 20

மகிழ்ச்சி தம்பி. மக்காச்சோளம் எவ்வளவு உயரம்?

ஒட்டன்சத்திரம்_தக்காளி | ஆகஸ்ட் 21

ஆள் உயரம் அண்ணா. மேற்குப் பக்கத்துச் சோளத்தின் அடி இலைகளில் அசுவினி அப்பியிருக்கிறது, கூடவே பொறிவண்டும். நீங்கள் சொன்னது கண்ணால் பார்க்கிற மாதிரி இருக்கிறது.

ஒட்டன்சத்திரம்_தக்காளி | அக்டோபர் 26

பறிப்பு முடியும் தறுவாயில் இருக்கிறது. அப்பா கேட்ட கணக்கை இங்கேயும் வைக்கிறேன், யாருக்காவது உதவும்.

வயலில் போட்ட ஒரு வரிசை வலையால் 15 செடி கூடுதலாகத் தப்பியது. செடிக்கு 3 கிலோ என்று வைத்தால் 45 கிலோ. கிலோ 20 ரூபாய் என்றால் 900 ரூபாய். அந்த வரிசைக்கு வலை 112 சதுர மீட்டர், 50 மெஷ் என்பதால் விலை கூட, 5,000 ரூபாய் ஆனது. நாலு பட்டம் வந்தாலும் பட்டத்துக்கு 1,250. மூங்கிலும் கூலியும் தனி. ஆக 20 ரூபாய் விலையில் வயல் வலை கட்டுபடியாகாது, 40 ரூபாய் போனால் கட்டும். போன வருடம் போல நோய் கடுமையாக இருக்கும் வயலில் கணக்கு மாறும்.

நாற்றங்கால் வலைக்கு 1,350 ரூபாய். நூற்றுக்கு நாற்பது பதின்மூன்றாகக் குறைந்ததில் சோளத்துக்கும் நிலப்போர்வைக்கும் எவ்வளவு பங்கு என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் பாதி நாற்றால் வந்தது என்று வைத்தாலே 4,000 செடியில் ஐந்நூறு செடிக்கு மேல். இதற்கு அப்பாவிடம் பேப்பரைக் காட்ட வேண்டிய அவசியமே வரவில்லை.

கிருஷ்ணகிரி_நாற்றுக்காரர் | அக்டோபர் 26

நல்ல கணக்கு. இப்போது வலையை என்ன செய்தீர்கள்?

ஒட்டன்சத்திரம்_தக்காளி | அக்டோபர் 27

தொட்டித் தண்ணீரில் அலசி, நிழலில் உலர்த்தி, எலி ஏறாத மாதிரி கொட்டகை விட்டத்தில் கம்பியில் தொங்கவிட்டிருக்கிறோம் ஐயா. 10 மீட்டர் வலையைப் பக்கத்துத் தோட்டத்து மாமா போன வாரமே கேட்டார், கார்த்திகைப் பட்டத்துக்கு அவருக்கும் தக்காளி நாற்று விட வேண்டுமாம். தை வரை எங்களுக்கு வேலை இல்லை, எடுத்துக்கொள்ளுங்கள் என்று அம்மா சொல்லிவிட்டார். மார்கழி கடைசியில் திரும்பி வந்ததும் கத்தரிக்கு நாற்று விடுகிறோம். சோளம் இருந்த நிலத்தில்தான் நடுவோம். அணைக்கட்டு அக்கா, அப்போது உங்களிடம் நிறையக் கேட்க வேண்டியிருக்கும்.